பரண் ஏறும் எலக்ட்ரான்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிற பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், கோமுகி அணையைத் தாண்டியதும் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்காதீர்கள். எதிர்ப்பக்கம் திரும்புங்கள். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் பாறை தன் உட்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக உடைந்த முகம் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். மழையும் வெயிலும் பட்ட வெளிப்பக்கத்திலோ துருப்பிடித்த பழுப்பில் ஒரு மெல்லிய தோல். அந்தத் தோல் உதிர்ந்து உதிர்ந்து சேர்ந்ததுதான் சரிவெங்கும் கிடக்கிற செம்மண். கரியாலூரில் இறங்கி நாலு தெரு நடந்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருவதும் அதுவே.

அந்தக் கறுப்புப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கிடைக்கும் அதே பாறைதான் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். நம் ஊர்க் கல்லுக்கு அப்படித்தான் வெள்ளைக்காரப் பெயர் வந்தது. அதற்குள் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இருக்கின்றன. இரும்பு கலந்த பைராக்சீனும், சிறு துகள்களாக மேக்னடைட்டும் இல்மனைட்டும் இருக்கின்றன. தண்ணீரும் காற்றும் பட்டு அந்த இரும்பு துருவாகிறது. துரு என்று நாம் அலட்சியமாகச் சொல்வதில் ஹெமடைட், கோதைட் என்ற இரண்டு கனிமங்கள் அடக்கம்.

இந்த இரண்டும் குறைகடத்திகள். கூரைமேல் வைக்கும் சூரியத் தகட்டின் சிலிக்கான் எந்தச் சாதியோ, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இந்தச் செம்மண்ணும் அதே சாதி. வெயில் பட்டால் அதற்குள் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. அந்த இடமாற்றத்தைக் கொண்டு தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்ல முடியுமா? மண்ணிலிருந்து தோண்டி எடுத்த கல், வெயில், இவை இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு? கடந்த இருபது ஆண்டுகளில் சில ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டன.

வெயில் மட்டும் போதுமா?

கல்லுக்குப் போவதற்கு முன் வெயிலின் தனிக் கணக்கை முடித்துவிடுவோம். பாயை வெயிலில் போடுவதும், ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் காயவைப்பதும் நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நடப்பவை. அதற்கு ஆய்வகச் சான்று 1877இல் வந்தது. இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர், நுண்ணுயிர் வளரக்கூடிய கரைசலை வெயிலில் வைத்தால் அது கெடாமல் தெளிவாகவே இருப்பதைக் காட்டினார்கள். நூறாண்டுக்குப் பின் பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்டிம் அக்ரா இதையே குடிநீருக்குத் திருப்பினார். தெளிந்த புட்டியில் தண்ணீரை நிரப்பி வெயிலில் வைப்பது, அவ்வளவுதான். பிறகு சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவனம் 1991 முதல் இதைச் சோதித்து ஒரு முறையாக வகுத்தது. இரண்டு லிட்டருக்கு மேற்படாத பெட் பாட்டில், தெளிந்த தண்ணீர், நல்ல வெயிலில் ஆறு மணி நேரம். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் அடுத்தடுத்து இரண்டு நாள்.

இதன் பலனை அளந்த ஆய்வுகளில் ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழு, நகரின் குடிசைப் பகுதி ஒன்றில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு குழந்தைகளுக்கு வெயிலில் வைத்த தண்ணீரைக் கொடுக்கச் செய்து, அப்படிக் கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டது. 2006இல் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டுக் குழுவில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2.7 தடவை வயிற்றுப்போக்கு வந்தது. வெயில் தண்ணீர் குடித்த குழுவில் 1.7 தடவை. இத்தனைக்கும் அந்தக் குழந்தைகளில் 86 சதவீதத்தினர் இடையிடையே வேறு தண்ணீரும் குடித்திருந்தார்கள்.

ஆக, வெயில் வேலை செய்கிறது. ஆனால் மெதுவாக. தண்ணீர் கலங்கியிருந்தால் அதுவும் இல்லை. கல்வராயன் ஓடைகளில் மழைக்குப் பின் வருகிற செந்நீரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மண் துகளும் கிருமிக்குக் குடை பிடிக்கிறது. கலங்கல் நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பது பழைய வழக்கம். கொட்டையிலிருந்து வரும் பொருள் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து அடியில் படிய வைக்கும். அதனால் தண்ணீர் தெளியும். ஆனால் அதுவே கிருமிநீக்கம் ஆகிவிடாது. தெளிந்த பிறகு வெயிலுக்கு வழி கிடைக்கும், அவ்வளவே.

வெயிலின் வேகத்தைக் கூட்ட ஒரு துணை வேண்டும். தான் செலவாகாமல் வேலையை மட்டும் விரைவுபடுத்தும் பொருளை வேதியியலில் வினையூக்கி என்கிறோம். வெளிச்சம் பட்டால் மட்டுமே விழித்துக்கொள்வது ஒளிவினையூக்கி.

பரணின் கணக்கு

ஒரு கல்லுக்குள் வெளிச்சம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மலைக்காட்டின் பரணைக் கொஞ்சம் இரவல் வாங்குவோம். சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லையில் காவலுக்கு ஒரு பரண் கட்டியிருக்கும். கீழே தரை. மேலே ஆள் உட்காரும் தட்டு. நடுவில் வெறும் காற்று.

குறைகடத்திக்குள்ளும் எலக்ட்ரானுக்கு இப்படி இரண்டே இடங்கள். தரையில் இருக்கும்வரை அது அணுக்களின் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கும். மேலே ஏறிவிட்டால் ஓடியாடலாம், வேறு யாருக்காவது தாவிவிடலாம். நடுவே நிற்க இடம் கிடையாது. ஏணியும் கிடையாது. ஒரே தாவலில் ஏற வேண்டும். அந்தத் தாவலுக்கான வலுவைக் கொடுப்பது ஒளித்துகள். வலு போதாத ஒளித்துகள்கள் ஆயிரம் வந்து மோதினாலும் எலக்ட்ரான் அசையாது. வலு போதுமானது ஒன்று வந்தால் ஏறிவிடும். ஏறியதும் தரையில் அது இருந்த இடம் காலியாகிறது. அந்தக் காலியிடத்தைத் துளை என்பார்கள். துளையும் சும்மா இருக்காது. பக்கத்தில் கிடைக்கிற எதனிடமிருந்தாவது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கித் தன்னை நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். மேலே கொடுக்கத் துடிக்கும் ஒருவர், கீழே பிடுங்கத் துடிக்கும் ஒருவர். ஒளிவினையூக்கத்தின் முழு வேதியியலும் இந்த இருவரின் வேலைதான்.

பரணின் உயரத்தை எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் சொல்வார்கள். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு அது 3.2. அவ்வளவு வலு உள்ள ஒளி என்றால் அலைநீளம் ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது கண்ணுக்குத் தெரியாத புறஊதா. ஹெமடைட்டுக்குச் சுமார் 2.1, எனவே 590 நானோமீட்டர் வரை, ஊதாவிலிருந்து மஞ்சள் வரை உள்ள ஒளியே அதற்குப் போதும்.

இந்தக் கணக்கைக் கருவியே இல்லாமல் கண்ணாலும் ஓரளவு படிக்கலாம். ஊதாவிலிருந்து மஞ்சள்வரை விழுங்கிவிட்டால் மிச்சம் திரும்பி வருவது என்ன? சிவப்பு. செம்மண் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளியையும் விழுங்காத தூய டைட்டானியம் டை ஆக்சைடோ பால்போல வெளுத்திருக்கும். வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்டிலும் பற்பசையிலும் இருப்பது அதே பொடி.

இந்த வெள்ளைப் பொடியிலிருந்துதான் கதை தொடங்கியது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா புஜிஷிமாவும் அவருடைய பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவும், ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை தண்ணீரைப் பிளப்பதை 1972இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். தண்ணீரையே பிளக்கும் கை கிருமியை விட்டுவைக்குமா? 1985இல் ததாஷி மட்சுனாகா குழு, பிளாட்டினம் சேர்த்த அதே பொடியையும் ஒளியையும் கொண்டு ஈஸ்ட்டையும் எஸ்செரிக்கியா கோலை போன்ற பாக்டீரியாக்களையும் கொன்று காட்டியது.

கறுப்பை வெளுத்து, மறுபடி கறுப்பாக்கி

டைட்டானியத்துக்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலின் வழியைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அவர் தேடியது மோனசைட் என்ற கனிமம். ஆனால் குமரிக் கரையின் அந்தக் கருமணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் ஏராளம். இரண்டும் டைட்டானியத் தாதுக்கள். இல்மனைட்டில் டைட்டானியத்தோடு இரும்பும் சரிக்குச் சரியாகப் பிணைந்திருக்கும், அதனால்தான் கறுப்பு. தொழிற்சாலையில் அமிலமோ குளோரினோ கொண்டு அந்த இரும்பைப் பிரித்து வெளியேற்றிய பிறகே வெள்ளைப் பொடி கிடைக்கிறது.

பெயின்டுக்கு அது வெற்றி. கிருமியைக் கொல்ல நினைப்பவருக்கு நட்டம். வெளுத்த பொடிக்குப் புறஊதா மட்டுமே கண்ணுக்குத் தெரியும். தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் புறஊதாவின் பங்கு நாலைந்து சதவீதம்தான். பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளி. கையில் நூறு ரூபாய் இருக்கும்போது ஐந்து ரூபாயை மட்டும் செலவழிக்கத் தெரிந்த பொடி அது.

ஆகவே ஆய்வாளர்கள் வெளுத்த பொடியில் மறுபடி எதையாவது கலக்கத் தொடங்கினார்கள். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சி. கருணாகரனும் அவருடைய குழுவினரும் டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகளில் தாமிரத்தைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே பாக்டீரியாவைக் கொல்ல முடிவதை 2010இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் இதுபோல நைட்ரஜன், வெள்ளி, இரும்பு என்று சேர்த்துப் பார்த்தவர்கள் ஏராளம்.

கலப்பு ஏன் உதவுகிறது? பரணுக்கே திரும்புவோம். ஏறுவது கடினமாக இருந்தால் பரணைத் தாழ்த்திக் கட்டலாமே என்று தோன்றும். தாழ்ந்த பரணில் ஏறுவது எளிது. ஆனால் அங்கிருந்து காட்டுப்பன்றி வருவதும் தெரியாது, கவண் கல்லும் தொலைவு போகாது. எலக்ட்ரானுக்கும் அதே நிலைதான். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் தாவ அதற்கு உயரம் வேண்டும். பைரைட் என்ற மினுமினுக்கும் இரும்புக் கந்தகக் கனிமத்தின் பரண் 0.95தான். வெயிலில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆனால் ஏறிய எலக்ட்ரான் பெரும்பாலும் வந்த வழியே விழுந்துவிடும். நல்ல வழி, பரணை உயரத்திலேயே விட்டுவிட்டு நடுவில் கால் வைக்க ஒரு கட்டையை அடிப்பது. படிகத்துக்குள் புகுந்த அந்நிய அணு செய்வது அந்தக் கட்டையின் வேலையை. ஒரே தாவலாக ஏற முடியாத எலக்ட்ரான், கட்டையில் கால் வைத்து ஏறிவிடுகிறது.

இங்கேதான் சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். கலப்பு உதவுகிறது என்றால், கலப்பு இல்லாத கல் இயற்கையில் ஏது?

ஏமாற்றுக் கல்

ஸ்பாலரைட் என்பது துத்தநாகத்தின் முதன்மைத் தாது. துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்தது. ஈயத் தாதுபோல மினுங்கி, உருக்கினால் ஈயம் தராமல் சுரங்கக்காரர்களைக் கைவிட்டதால் கிரேக்கத்தில் ‘ஏமாற்றுவது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. ராஜஸ்தானின் சாவரில் நம்மவர்கள் துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிர்வித்துப் பிரித்தெடுத்தது, ஐரோப்பா அந்த வித்தையைக் கற்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு.

தூய துத்தநாக சல்பைடு வெள்ளைப் பொடி. அதன் பரண் 3.6 அளவுக்கு உயரம். புறஊதா இல்லாமல் அசையாது. ஆனால் மண்ணுக்குள் வளரும் ஸ்பாலரைட் தூய்மையாக இருப்பது அபூர்வம். துத்தநாகம் உட்கார வேண்டிய இடங்களில் இரும்பு உட்கார்ந்துகொள்ளும். காட்மியம் வரும். தாமிரம் வரும். இரும்பு கூடக் கூடக் கல் தேன் நிறத்திலிருந்து பழுப்பாகி, கடைசியில் தார்போலக் கறுத்துவிடும். உலோகம் பிரிப்பவருக்கு அது தரம் குறைந்த தாது. ஒளிவேதியியலாளர் கண்ணுக்கோ, ஆயிரம் கட்டைகள் அடித்துத் தயாராக நிற்கும் பரண். ஆய்வகத்தில் வெப்பமும் வேதிப்பொருளும் காசும் செலவழித்துச் செய்யும் கலப்பைப் பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செய்து வைத்துவிட்டது.

பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் கனிமவியலாளர் லூ அன்ஹுவாய், ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் வோங் போ கியூங் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து இதைச் சோதித்தன. 2011இல் வெளியான அவர்களுடைய முடிவு இது. ஒரு மில்லி லிட்டருக்கு ஒன்றரைக் கோடி என்ற கணக்கில் எஸ்செரிக்கியா கோலை இருந்த நீரில் இயற்கை ஸ்பாலரைட் பொடியைக் கலந்து, புறஊதாவை வடிகட்டிய, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் பாய்ச்சினால், ஆறு மணி நேரத்தில் அத்தனையும் செயலிழந்தன.

இதை எப்படி எண்ணுகிறார்கள் என்பது பலருக்கும் எழும் சந்தேகம். பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. பிணத்தை எண்ண முடியாது. உயிரைத்தான் எண்ண வேண்டும். குறிப்பிட்ட நேர இடைவெளியில் குடுவையிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து, பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீர்க்கச் செய்து, அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் தடவி, உடல் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். உயிரோடிருந்த ஒவ்வொரு கிருமியும் பெருகிக் காலையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணி, நீர்த்த மடங்கால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். பக்கத்திலேயே இரண்டு ஒப்பீட்டுக் குடுவைகளும் வேண்டும்: ஒன்றில் பொடி உண்டு, ஒளி இல்லை; மற்றதில் ஒளி உண்டு, பொடி இல்லை. அந்த இரண்டிலும் கிருமிகள் பிழைத்திருந்து, இரண்டும் சேர்ந்த மூன்றாவதில் மட்டும் தட்டு வெறுமையாக இருந்தால்தான் கல்லும் வெளிச்சமும் கூட்டாகச் செய்த வேலை என்று சொல்ல முடியும்.

தட்டு வெறுமையானபோது குடுவைக்குள் நடந்தது என்ன? பரண் ஏறிய எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு சூப்பர் ஆக்சைடு என்ற முரட்டு மூலக்கூறாகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. மருந்துக் கடையில் புண் கழுவ வாங்குவோமே, அதே பொருள். இவை முதலில் மோதுவது கிருமியின் வெளிச்சவ்வில். சவ்வின் கொழுப்பு அரிக்கப்பட்டு ஓட்டை விழுந்ததும் உள்ளே அடைத்து வைத்திருந்த பொட்டாசியம் வெளியே கசியும். இந்த முரடர்களை எதிர்க்க பாக்டீரியாவிடமும் காவலர்கள் உண்டு. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ் நொதி அவற்றில் ஒன்று. கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். தாக்குதல் நின்றுவிட்டால் பழுதைச் சரிசெய்துகொண்டு எழுந்தும் விடும். வெளிச்சம் தொடர்ந்தால் நொதியும் சிதையும், கடைசியில் மரபுப் பொருளான டி.என்.ஏ.வும் சிதையும். அதன் பிறகு எழுந்திருப்பது இல்லை.

பிறகு அந்தக் குழுவின் கவனம் பைரோடைட் போன்ற காந்தத்தன்மை உள்ள கனிமங்களுக்கும் போனது. காரணம் மிக நடைமுறையானது. வேலை முடிந்தபின் பொடியைத் தண்ணீரிலிருந்து எப்படி எடுப்பது? காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் தானே ஒட்டிக்கொள்ளும் பொடிக்கு வடிகட்டி தேவையில்லை.

கல்லைக் குடத்தில் போடலாமா?

இந்த இடத்தில் வாசகருக்கு ஓர் ஆசை வரும். ஸ்பாலரைட்டும் பைரோடைட்டும் நம் பக்கம் கிடைக்குமா? கிடைக்கும். கள்ளக்குறிச்சி எந்தப் பழைய மாவட்டத்தின் துண்டோ, அதே தென்னார்க்காட்டில் மாமண்டூர் என்று ஓர் ஊர். பல்லவர் குடைவரை உள்ள மாமண்டூர் அல்ல. சென்னை நெடுஞ்சாலையில் பேருந்து நின்று டீ குடிக்க வைக்கும் மாமண்டூரும் அல்ல. இந்த மாமண்டூரின் பாறைக்குள் தாமிரம், ஈயம், துத்தநாகம் மூன்றின் கந்தகத் தாதுக்களும் சேர்ந்து கிடக்கின்றன. ஸ்பாலரைட் உண்டு, கலீனா என்ற ஈயத் தாது உண்டு, சால்கோபைரைட்டும் பைரோடைட்டும் உண்டு. பைரோடைட்டோடு ஒன்றாக வளரும் ஸ்பாலரைட்டில் பொதுவாக இரும்பு கூடுதல், நிறமும் கறுப்பு. ஹாங்காங் சோதனையின் கதாபாத்திரங்கள் அத்தனை பேரும் நம் மாவட்டத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஆனால் அந்தக் கல்லை இடித்துக் குடத்தில் போடுவது மடத்தனம்.

எந்தக் கலப்பு கல்லை வேலைக்காரனாக்கியதோ, அதே கலப்புதான் அதை ஆபத்தானதாகவும் ஆக்குகிறது. ஸ்பாலரைட்டுக்குள் இரும்போடு காட்மியமும் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே கலீனாவின் ஈயம். கந்தகக் கனிமங்களுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. தரையில் பிறந்த துளைக்குப் பிடுங்க வெளியே எலக்ட்ரான் கிடைக்காவிட்டால், தன் வீட்டுக் கந்தகத்திடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். கந்தகம் சல்பேட்டாகிக் கரையும். அது பிடித்து வைத்திருந்த உலோகங்கள் தண்ணீரில் இறங்கும். இதற்கு ஒளியரிப்பு என்று பெயர். வினையூக்கி செலவாகாது என்ற இலக்கணம் இங்கே பொய்த்துப்போகிறது. இந்தியக் குடிநீர்த் தரக்குறிப்பின்படி 100 மில்லி லிட்டர் நீரில் எஸ்செரிக்கியா கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதே ஆவணம்தான் காட்மியம் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது. முதல் நிபந்தனையில் பாஸாகி இரண்டாவதில் ஃபெயிலாகும் தண்ணீர் குடிநீர் ஆகாது. வயிற்றுப்போக்கு நாலு நாளில் தெரியும்; காட்மியம் சிறுநீரகத்தில் சேர்வது பல ஆண்டுகள் கழித்தே தெரியும்.

அதனால்தான் கந்தகக் கனிமங்களின் ஆய்வு குடிநீரை விடக் கழிவுநீர்ப் பக்கமே அதிகம் பொருந்துகிறது. குடிநீருக்கு என்றால் தேட வேண்டியது கலப்பில் நஞ்சு இல்லாத கல்லை. அப்படி ஒன்று நம் செருப்பிலேயே ஒட்டியிருக்கிறது.

துருவின் முறை

சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேசர் புல்காரின் குழு பல ஆண்டுகள் வெயில், இரும்பு, கிருமி மூன்றையும் வைத்து வேலை செய்தது. ஹெமடைட், கோதைட், வுஸ்டைட், மேக்னடைட் ஆகிய இரும்பு ஆக்சைடுகளை வரிசையாக வைத்து, அமிலமோ காரமோ சேர்க்காத சாதாரண நீரில் சோதித்து அவர்கள் 2015இல் வெளியிட்டது சுவாரசியமானது. முதல் மூன்றும் வெயிலில் தனியாகவே பாக்டீரியாவைச் செயலிழக்கச் செய்தன. மேக்னடைட்டுக்கு மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு துணைக்குத் தேவைப்பட்டது. கன்னங்கரேலென்று அத்தனை ஒளியையும் விழுங்குவதும் அதுதான், தனியாக வேலை செய்யாததும் அதுதான். தாழ்ந்த பரணின் கதை.

பெராக்சைடு சேரும்போது இரும்பு இன்னொரு பழைய வித்தையைக் காட்டும். 1894இல் ஹென்றி ஃபென்டன் கண்டது அது. இரும்பு அயனி பெராக்சைடை உடைக்கும்போது ஹைட்ராக்சில் என்ற, இந்தக் குடும்பத்திலேயே மிக மூர்க்கமான துணுக்கு பிறக்கிறது. வினையில் இரும்பு களைத்துப்போகும். வெயில் பட்டால் பழைய நிலைக்கு மீண்டு மறுபடி வேலைக்கு வரும்.

துருவுக்கும் குறைகள் உண்டு. ஹெமடைட்டின் தரை நன்றாக ஆழத்தில் இருக்கிறது. ஆகவே துளைக்குப் பிடுங்கும் வலு அதிகம். ஆனால் அதன் பரண், ஆக்சிஜனிடம் எலக்ட்ரானை எளிதாகத் தாவ விடும் உயரத்துக்கு வரவில்லை. போதாததற்கு அங்கே பிறக்கும் துளை சில நானோமீட்டர் நகர்வதற்குள் எலக்ட்ரானோடு மறுபடி சேர்ந்து அழிந்துவிடுகிறது. கல்லின் உள்ளே நடப்பதெல்லாம் வீண். மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தில் நடப்பது மட்டுமே வெளியே பயன்படும். எனவே பொடி மிக நுண்ணியதாக இருக்க வேண்டும், அளவும் கூடிவிடக் கூடாது. கூடினால் அதுவே கலங்கலாகி வெளிச்சத்தை மறைக்கும். மழைநாள் ஓடையின் செந்நீர் கிருமிக்குக் குடை பிடித்தது ஞாபகம் இருக்கட்டும். அதே துரு, சிட்டிகை அளவில் கொலையாளி. கைப்பிடி அளவில் காவலாளி.

கொல்லும் கை, ஊட்டும் கை

இதுவரை சொன்னதைக் கேட்டால், வெயிலடிக்கும் செம்மண்ணில் ஒரு பாக்டீரியாவும் உயிரோடு இருக்கக் கூடாது என்று தோன்றும். ஆனால் ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் அவை வாழ்கின்றன. இந்த முரண்பாட்டின் மறுபக்கத்தைத் தொட்டதும் லூ அன்ஹுவாயின் குழுவேதான். ஒளிச்சேர்க்கை செய்யத் தெரியாத சில பாக்டீரியாக்கள், கனிமத்தில் பரண் ஏறிய எலக்ட்ரானை வாங்கித் தின்று வளர்கின்றன என்று அவர்கள் 2012இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் காட்டினார்கள். சோதித்த கனிமங்கள் ரூட்டைல், ஸ்பாலரைட், கோதைட். கிருமியைக் கொன்ற அதே ஸ்பாலரைட்! அங்கே எலக்ட்ரானை வாங்கியது இரும்பை உண்டு வாழும் ஒரு பாக்டீரியா. கல்லிலிருந்து வந்த எலக்ட்ரானை இரும்பு அயனி சுமந்துகொண்டு போய் அதன் வாயில் கொடுத்தது.

எலக்ட்ரான் ஒன்றுதான். ஆக்சிஜன் அதைப் பிடித்தால் நஞ்சு. வாங்கத் தெரிந்த பாக்டீரியா பிடித்தால் சோறு. நம் குடலுக்குப் பழகிய எஸ்செரிக்கியா கோலை வெயிலையும் கல்லையும் பார்த்துப் பழகியதல்ல. மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவை அந்த நெருப்போடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டிருக்கின்றன. 2019இல் அதே குழு, பாறைகளின் மேலும் மண் துகள்களின் மேலும் படிந்திருக்கும் இரும்பு, மாங்கனீசுப் படலங்கள் வெயில் படும்போது மின்னோட்டம் தருவதை அளந்தது. அவர்கள் மாதிரி எடுத்த இடங்களில் பாலைவனம் இருந்தது, சுண்ணாம்புப் பாறை நிலம் இருந்தது, தென்சீனத்துச் செம்மண்ணும் இருந்தது.

ஆகவே கல்வராயன் மலைப்பாதையில் பார்த்த அந்த மெல்லிய பழுப்புத் தோலைப் பாறையின் நோய் என்று எண்ண வேண்டாம். அது பாறையின் வெயில் படும் தோல். இப்படிப்பட்ட தோலில்தான் பகலெல்லாம் எலக்ட்ரான்கள் பரண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஏற்றத்தை ஒரு குடும்பத்தின் குடிநீருக்குத் திருப்புவது இன்னும் பொறியியலாளரின் மேசையில் இருக்கும் வேலை. கல்லைப் பொடியாகக் கலக்காமல் தட்டில் பூசி நிறுத்த வேண்டும். தண்ணீர் அதன்மேல் மெல்லிய ஏடாக ஓட வேண்டும். எந்த உலோகமும் இறங்கவில்லை என்று அளந்து காட்ட வேண்டும். அதுவரை கரியாலூரில் ஓடைத் தண்ணீர் குடிப்பவருக்கு அறிவியல் சொல்வது எளிது. விறகு இருந்தால் கொதிக்க வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரைத் தெளிய வைத்து, கீறல் விழாத பாட்டிலில் நிரப்பி, காலையிலேயே தகரக் கூரையின் மேல் படுக்கப் போடுங்கள். தகரம் வெயிலைத் திருப்பி அனுப்பும், சூடும் கொடுக்கும். பாட்டிலை வைத்துவிட்டு இறங்கும்போது காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டி விடுங்கள். அது பாட்டிலுக்குள் போக வேண்டிய காலம் இன்னும் வரவில்லை.